ஆறடி வெயிலுக்காக

எங்கள் வீட்டுக் காரை நான் உடைத்தது ஒரு சனிக்கிழமை காலை பத்தே காலுக்கு. ஓட்டி உடைக்கவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. லைசென்ஸுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். மூன்றாவது தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபீசர் பாதியிலேயே இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே போய்விட்டார். நான் உடைத்தது நின்ற வண்டியை, நின்ற இடத்திலேயே. இதற்கெல்லாம் தனித் திறமை வேண்டும்.

எல்லாம் வெயிலால் வந்தது. கொடைக்கானல் ஏழு ரோட்டுக்குப் பக்கத்தில் கம்பளிக் கடை வைத்திருக்கிறேன். சால்வை, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. கீழேயிருந்து அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்கி, பல் தந்தியடிக்க நிற்கிற சனங்களை நம்பி நடக்கிற வியாபாரம். பன்னிரண்டு நாள் விடாத மழையில் சரக்கெல்லாம் ஈர நாய் வாசம் அடிக்க ஆரம்பித்திருந்தது. பதிமூன்றாம் நாள், அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் வெயில் விழுந்தது. விழுந்தது என்றால் ஆறடிக்கு ஆறடி, பாய் விரித்த மாதிரி ஒரு துண்டு. மற்ற இடமெல்லாம் பக்கத்து வீட்டு சைப்ரஸ் மரத்தின் நிழல். அந்த ஆறடியில், சொல்லிவைத்த மாதிரி, கார் நின்றது.

வாசல் தெருவைப் பார்த்துச் சரிவு. காரை ஆறடி பின்னால் உருட்டினால் போதும். ஆறடி உருட்டுவதற்கு எதற்கு லைசென்ஸ் என்று எனக்குத் தோன்றியது. என் வாழ்க்கையில் இப்படித் தோன்றியதெல்லாம் தப்பாகத்தான் முடிந்திருக்கிறது, நிக்காஹ் ஒன்றைத் தவிர.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது என் மனைவி அமீருன்னிசாவுடையது. இரண்டு வயதில் போலியோ வந்து அவளுக்கு இடது கால் சூம்பிப் போனது. இடது கையால் முட்டியை அமுக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியையும் தரையோடு பேரம் பேசித்தான் வைப்பாள். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார வாத்தியார் ஒருவரின் பழைய ஆட்டோமேட்டிக் கார் விலைக்கு வந்தபோது, பழனி அடிவாரத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் சஃபீர் அதை வாங்கிக் கொடுத்தார். கிளட்ச் கிடையாது. இடது காலுக்கு அந்த வண்டியில் சோலியே இல்லை. நாற்பத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள், முதல் தடவையே லைசென்ஸ் வாங்கினாள். அந்த விவரத்தை நான் யாருக்கும் வலியப் போய்ச் சொல்வதில்லை.

அவள் தையல்காரி. பெரும்பாறைப் பக்கத்து எஸ்டேட் பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வேலை கிடையாது. அன்றைக்கு வெள்ளனே தைத்ததைப் பின்சீட்டில் அடுக்கிக்கொண்டு பெருமாள்மலை, பண்ணைக்காடு, தாண்டிக்குடி வழியாகத் தனியாக ஓட்டிக்கொண்டு போவாள். அங்கே அளவு எடுத்து, கதை பேசி, காபி குடித்து, பொழுது சாயுமுன் ஒரு பை ஆரஞ்சோடு திரும்புவாள். கடைவீதியில் நடந்தால் சனங்கள் அவள் காலைப் பார்ப்பார்கள். காரில் போனால் காரைப் பார்ப்பார்கள். இதை அவளே ஒரு தடவை சொன்னாள், சிரித்துக்கொண்டே. நான் சிரிக்கவில்லை.

ஆனால் ஆர்.சி. புத்தகம் இன்னும் சஃபீர் மச்சான் பேரில்தான். "எப்ப ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் வண்டிய வித்துருவேன். மலை ரோடு, ஒத்தப் பொம்பளை, ஒத்தக் காலு. எனக்கு ராத்தூக்கம் இல்ல" என்பது ஏழு வருடமாக அவர் படிக்கிற பாட்டு. ஏழு வருடமாக அவள் ஒரு கீறல் விழவிடவில்லை.

இனி குற்றம் நடந்த விதம். சரிவில் நிறுத்தும்போது அமீரு முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுப்பாள், பிறகுதான் கியரை 'பி'யில், அதாவது பார்க்கிங்கில், போடுவாள், அப்புறம் நான் டயருக்கு இரண்டு கல் வைப்பேன். வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே தொழில்நுட்பம் அந்தக் கல்தான். அன்றைக்கு நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். கல்லை எடுத்தேன். உள்ளே ஏறி ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். வண்டி ஓர் அங்குலம் பின்னால் சரிந்து 'கடக்' என்று நின்றது. மொத்தப் பாரமும் இப்போது அந்த 'பி' மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. சாவியைத் திருப்பி, அவள் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை நியூட்ரலுக்கு, அந்த 'என்'னுக்கு, இழுத்தேன். வரவில்லை. குளிரில் இறுகிவிட்டது, தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி, என்று நினைத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்து, கிணற்றிலிருந்து கன்றுக்குட்டியை இழுக்கிற மாதிரி ஓர் இழு இழுத்தேன்.

'டிக்.'

வேர்க்கடலைத் தொலி உடைகிற சத்தம், அவ்வளவுதான். கியர் வரவில்லை. பயம் வந்தது. ஹேண்ட் பிரேக்கைத் திரும்ப இழுத்து, கல்லை வைத்து, கதவை மெதுவாகச் சாத்தினேன். உள்ளே அவளுடைய தையல் மிஷின் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, ஒன்றும் கேட்டிருக்காது. கம்பளிகளைக் கார் கூரை மேலேயே விரித்துக் காயவைத்தேன். இந்த யோசனை முதலிலேயே வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் காலை ஏழு மணி. முப்பத்தெட்டு ஜாக்கெட்டோடு அமீரு காரில் ஏறினாள். எஞ்சின் ஓடியது. கியரை இழுத்தாள். வரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தாள்.

'டப்.'

நான் வாசற்படியில் டீ டம்ளரோடு நின்றேன். கியர் அவள் கையில், கஞ்சிப் பானையில் அகப்பை மாதிரி, எங்கே வேண்டுமானாலும் போய் வந்தது. வண்டி மட்டும் நகரவில்லை. டி-யில் போட்டாலும், ஆர்-ல் போட்டாலும், முன்னால் எரிகிற எழுத்து 'பி'தான்.

"என்னங்க," என்றாள். "நான் ஒடைச்சுட்டேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். டீ குடித்தேன்.

ஜாக்கெட்டெல்லாம் பஸ்ஸில் போனது. பெரும்பாறையிலிருந்து வேலுத்தாய் போன் போட்டு, "என்னக்கா, ஜாக்கெட்டு வந்துருச்சு, நீங்க வரலையே? அளவு எடுக்க பன்னெண்டு பேரு ஒக்காந்து கெடக்கோம்" என்றாள். இவள், "வண்டி சரியில்ல தாயி" என்றாள். யார் சரியில்லை என்று அமீரு நினைத்தாள் என்பது எனக்குத் தெரிய இன்னும் நான்கு நாள் இருந்தது.

அன்று மதியம் சஃபீர் மச்சான் போன். மலையில் எந்தச் சேதியும் பஸ்ஸுக்கு முன்னால் கீழே இறங்கிவிடும். அவள் எடுக்கவில்லை, என்னிடம் நீட்டினாள்.

"என்ன மாப்ள, வண்டி நின்னு போச்சாம்?"

"பழைய வண்டிதான மச்சான்..."

"பழசுதான். ஆனா தானா ஒடையாது. இவ அவசரத்துல பலமா இழுத்திருப்பா. என்ன மாப்ள?"

நான் "ம்" என்றேன்.

வியாபாரத்தில் முப்பது வருடமாக எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். 'இது காஷ்மீர் சரக்கு' என்பது உட்பட. அதெல்லாம் நீளமான பொய்கள். இதுதான் பெரிது, ஓர் எழுத்து. அவள் பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசி ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தது.

"வெள்ளிக்கிழமை திண்டுக்கல்லுல இருந்து ஆளு அனுப்புறேன். பாத்து எடுத்துக்கிட்டுப் போவான். போதும் மாப்ள, ஏழு வருசம் ஓட்டிட்டா" என்றார் மச்சான்.

நான் அவளைப் பார்த்தேன். அழுவாள், சண்டை போடுவாள், போனைப் பிடுங்குவாள் என்று நினைத்தேன். "அண்ணன் சொல்றபடி செய்யுங்க" என்றாள்.

சரி, வண்டியைச் சரிசெய்துவிட்டால் விற்க வேண்டியதில்லை, உண்மையையும் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டு, திங்கட்கிழமை மெக்கானிக் ராஜமுருகனைக் கூட்டிவந்தேன். மூஞ்சிக்கல்லில் பட்டறை வைத்திருக்கிறான். நல்ல கைவேலை. ஒரே ஒரு குறை: எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லமாட்டான்.

பானட்டைத் திறந்து, டார்ச்சை அடித்து, கையை எங்கோ ஆழத்தில் விட்டுத் துழாவினான். கியர் குச்சிக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே ஒரு கேபிள் ஓடுகிறதாம். அதன் முனையில் பிளாஸ்டிக் வளையம். அது பெட்டியில் இருக்கும் ஒரு முளையில் மாட்டிக்கொண்டிருக்குமாம். வளையத்தின் பாதியைக் கையில் எடுத்துக் காட்டினான்.

"குச்சி ஆடுது, பெட்டிக்குச் சேதி போகல. அம்புட்டுத்தான் பாய்."

"புதுக் கேபிள் கெடைக்குமா?"

"கேட்டுப் பாப்போம்."

"எப்ப கெடைக்கும்?"

"கெடைக்கிறப்ப தெரியும்."

"இல்லேன்னா வேற வழி?"

"வழி இல்லாமயா இருக்கும்." வளையத்தை டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆனா பாய், இது ஒரே இழுப்புல ஒடைஞ்ச மாதிரி இல்ல. ஒரு தடவை விரிசல் விட்டு, மறு தடவை கையோட வந்துருக்கு."

"டீ சாப்புடுறியா?" என்றேன்.

"சாப்புடலாம்" என்றான். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நேராகப் பதில் வந்தது.

அந்த வாரம் நான் பட்ட பாட்டை எதிரிக்கும் வேண்டமாட்டேன். அமீருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நேராகக் கேட்காமல் ஜாடையாகக் குத்துகிறாள் என்று முடிவுகட்டிவிட்டேன். எங்கள் வீட்டில் கோபத்தை யாரும் கோபமாகச் சொன்னதில்லை. இருபத்தாறு வருடத்தில் "கோவமா?" என்று நான் கேட்டதற்கெல்லாம் "அதெல்லாம் ஒன்னுமில்லங்க" என்பதுதான் பதில். கோபத்தின் அளவைக் குழம்பில் உள்ள உப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அதில் நல்ல பழக்கம். ஆனால் அந்த வாரம் உப்பு சரியாக இருந்தது. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

திங்கட்கிழமை மாலை, வெட்டிய ஜாக்கெட் துணி ஒன்றை என் முன் நீட்டினாள். "இந்த வெட்டு கோணலா இருக்கா பாருங்க."

கோணல். நம்மைத்தான் சொல்கிறாள். "நேராத்தான் இருக்கு" என்றேன், துணியைப் பார்க்காமலே.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நேராத்தாம்மா இருக்கு. நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?" என்று சொல்லிவிட்டு நானே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சாப்பிட்டு முடித்ததும், "என் கையப் பிடிச்சு இழுங்க. நானும் இழுக்கிறேன்" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா இழுங்களேன். யாரு ஜெயிக்கிறான்னு பாப்போம்."

நீ எவ்வளவு பலமாக இழுத்தாய் என்று செய்தே காட்டச் சொல்கிறாள்! நான் சாமர்த்தியமாக, பூனைக்குட்டி மாதிரி இழுத்து, வேண்டுமென்றே தோற்றேன். மேஜை மேலேயே சாய்ந்துவிட்டேன். நான் பலமில்லாதவன், என்னால் எதையும் உடைக்க முடியாது என்று நிரூபித்துவிட்ட திருப்தி. அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நான் லேசாத்தாங்க இழுத்தேன்" என்றாள். முகம் வெளுத்திருந்தது. நான் கடையில் சோலி இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை, "மதுரையில நல்ல நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்காராமே" என்றாள். எனக்குத்தான் நரம்பு கழன்றுவிட்டது என்கிறாள். "யாருக்கு வேணும் நரம்பு டாக்டர்? எல்லாம் தூங்கி எந்திரிச்சாச் சரியாயிரும்" என்றேன்.

"அப்படியா சொல்றீங்க?" என்றாள். அவ்வளவு ஆசையாக அவள் என்னை ஒன்று கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. நான் அதையும் குத்தல் கணக்கில் வரவு வைத்தேன்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு ராஜமுருகன் வந்தான். புதுக் கேபிள் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, இரும்புப் பட்டையை வெட்டித் துளைபோட்டு ஒரு வளையம் செய்திருந்தான். அதற்குள்ளே ஸ்கூட்டர் ஷாக்கரில் போடுகிற ரப்பர் புஷ்ஷைச் சீவித் திணித்திருந்தான். பார்க்க, கல்யாணச் சமையல்காரர் மோதிரம் மாதிரி இருந்தது.

"இது தாங்குமா?"

"போட்டுப் பாத்தாத்தான தெரியும் பாய்."

பழைய உடைசலை அறுத்தெடுத்து, புது வளையத்தைக் கேபிளின் கம்பி முனையில் நட்டு வைத்துப் பொருத்தினான். முளையில் மாட்டினான். மேலே ஒரு வாஷர், அது கழலாமல் இருக்க ஒரு பின். எனக்கு டார்ச் பிடிக்கிற வேலை. அதையும் பெரும்பாலும் அவன் கண்ணில்தான் அடித்தேன்.

"இப்பத்தான் முக்கியமான வேலை," என்று நிமிர்ந்தான். "உள்ள ஒருத்தர் குச்சிய 'என்'ல ஆடாமப் பிடிச்சுக்கணும். நான் இங்க பெட்டியையும் 'என்'ல வச்சு நட்டை இறுக்குவேன். ரெண்டும் ஒன்னாப் பேசணும். ஒரு மயிரிழை தவறுனா, மேல 'பி'ன்னு காட்டும், கீழ வண்டி உருளும். அக்காவ வரச் சொல்லுங்க. அவங்க கைக்குத்தான் அந்த இடம் தெரியும்."

அமீரு வாசற்படி வரை வந்து நின்றாள். முட்டியில் கை.

"நான் வேணாம் தம்பி. வேற யாரையாச்சும் வச்சுப் பாரு."

"ஒக்காந்து பிடிச்சா மட்டும் போதும்க்கா. வெரசா முடிஞ்சுரும்."

"இல்லப்பா. நான் அதைத் தொடல."

"ஒரு தடவை ஒடைஞ்சதுக்கா இப்படிப் பயப்படுறீங்க? பழைய பிளாஸ்டிக்கு. யாரு இழுத்தாலும் ஒடையும்."

அவள் முட்டியிலிருந்த கையைப் பார்த்தாள். பிறகு பேசியது அவனிடம்தான், என்னிடம் இல்லை. நான் பானட்டுக்குப் பின்னால் இருந்தேன். நான் இருப்பதையே மறந்துவிட்டாள் போல.

"அதுக்கில்ல தம்பி. நான் எப்பயும் போலத்தான் இழுத்தேன். சத்தியமா எப்பயும் போல. அது கையோட வந்துருச்சு. அப்ப நான் எவ்வளவு பலம் போடுறேன்னு எனக்கே தெரியலன்னு அர்த்தம். சின்ன வயசுல போலியோ வந்தவங்களுக்கு அம்பது வயசுக்கிட்ட திரும்பவும் வருமாம். போன்ல படிச்சேன். மொத இருந்த எடத்துல இல்லாம வேற எடத்துலயும் வருமாம். எனக்குக் கைக்கு வந்துருச்சோன்னு இருக்கு. துணி வெட்டுறப்பக் கூடக் கத்தரி சரியாப் போகுதான்னு சந்தேகமா இருக்கு. இவரு கையப் பிடிச்சு இழுத்துப் பாத்தேன், லேசாத்தான் இழுத்தேன், மனுசன் மேஜை மேல வந்து விழுறாரு. இந்தக் கைய வச்சுக்கிட்டு தாண்டிக்குடி வளைவுல நான் எப்படிப்பா ஓட்டுவேன்? அண்ணன் சொல்றதுதான் சரி. வித்துரட்டும்."

ராஜமுருகன் என்னைப் பார்த்தான். அவனுக்கு வளையம் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

கோணல், கையிழுப்பு, நரம்பு டாக்டர். ஒரு வாரமாக அந்த மூன்றையும் நான் எனக்கு வந்த அம்பாக எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் அவள் ஒருத்தி தன் கையைப் பார்த்துத் தானே பயந்துகொண்டு கிடந்திருக்கிறாள், நான் குழம்பில் உப்புப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிமிர்ந்தேன். பானட் தலையில் இடித்தது. நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

"நான்தான் ஒடைச்சேன்."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"சனிக்கிழமை. கம்பளி காயப்போட. ஹேண்ட் பிரேக்க எறக்கிட்டு, ரெண்டு கையால, இப்படி..." வெறும் காற்றைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். "டிக்குன்னு கேட்டுச்சு. மறுநா உங்கையில வந்தது மிச்சம்தான். உன் கைக்கு ஒன்னும் இல்ல அமீரு. உன் கை எப்பயும் போலத்தான் இருக்கு. அன்னைக்கு மேஜையில நான் வேணும்னே தோத்தேன்."

"வேணும்னேயா?"

"வேணும்னே. நான் பூனை மாதிரி இழுத்தேன். நீ ஒழுங்காத்தான் இழுத்த."

"எதுக்கு?"

 "பயந்துக்கிட்டு" என்றேன்.

ராஜமுருகன் தொண்டையைச் செருமினான். "ஹேண்ட் பிரேக்க எறக்குனா மொத்த பாரமும் 'பி' பல்லுலதான் நிக்கும் பாய். அப்ப இழுத்தா யானை இழுத்தாலும் கேபிளுதான் போகும். அக்கா, மறுநா உங்களுக்கும் அதான் இறுக்கமா இருந்துருக்கு. பாரம் அப்படியேதான நின்னுருக்கும்." இவ்வளவு நீளமாக, இவ்வளவு நேராக அவன் பேசி நான் கேட்டதே இல்லை. அதுவும் அவளிடம்தான் பேசினான்.

அமீரு படியில் உட்கார்ந்துவிட்டாள். கியர் பிடிக்கிற இடது கையை மடியில் மல்லாத்தி வைத்து, விரல்களை மடக்கினாள், விரித்தாள். மறுபடி மடக்கினாள். ஐந்து நாளாகக் காணாமல் போயிருந்த பிள்ளை திரும்பி வந்தால் தலை முதல் கால்வரை தடவிப் பார்ப்பார்களே, அப்படி. அவள் கண்ணில் நீர் நின்றது, விழவில்லை. அதைப் பார்க்க எனக்குத் திராணி இல்லாமல், நான் செய்யவேண்டிய இன்னொரு வேலையைச் செய்தேன். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"மச்சான், வண்டிய ஒடைச்சது அமீரு இல்ல. நான்தான்."

"நீங்களா? உங்களுக்குத்தான் ஓட்டவே தெரியாதே மாப்ள?"

"அதனாலதான் ஒடைஞ்சுச்சு மச்சான்."

அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது. "அன்னைக்குக் கேட்டப்ப 'ம்'னீங்களே?"

"ஆமா. பொய் சொன்னேன்."

"ஏன் மாப்ள, அது நம்ம வீட்டுப் புள்ள. அது மேல பழியப் போட எப்படி மனசு வந்துச்சு?"

 அமீரு எழுந்து, சுவரைப் பிடித்துப் படி இறங்கி வந்து, என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அண்ணே, நாளைக்கு வர்ற ஆள வர வேணாம்னு சொல்லிருங்க."

"சரிம்மா. ஆனா மலை ரோடு..."

"மலை ரோடுதாண்ணே. நாங்க மலையிலதான் இருக்கோம். ஆர்.சி.ய எம் பேருக்கு மாத்திக் குடுத்துருங்க. அடுத்த வாரம் நானே கீழ வர்றேன், ஓட்டிக்கிட்டு." வைத்துவிட்டாள்.

பிறகு காரில் ஏறினாள். ராஜமுருகன் பானட்டுக்குள் கையை நுழைத்து, "அக்கா, 'என்'" என்றான். "என்-ல இருக்கு" என்றாள். "ஆட வேணாம்." "ஆடல." நட்டு இறுகுகிற சத்தம் கேட்டது. "இப்ப டி போடுங்க." போட்டாள். "ஆர்." போட்டாள். "பி." போட்டாள். ஒவ்வொன்றுக்கும் உள்ளே பெட்டி 'டொக்' என்று பதில் சொன்னது, முன்னால் எரிகிற எழுத்தும் அவள் கை சொன்னபடி மாறியது. நான் டயருக்குக் கல் பிடித்துக்கொண்டு, குத்தவைத்து, உலகத்திலேயே உபயோகமில்லாத மனிதனாக உட்கார்ந்திருந்தேன்.

"கல்ல எடுங்க" என்றாள்.

எடுத்தேன். வண்டி சரிவில் இறங்கித் தெருவில் திரும்பி, மேட்டில் ஏறி, வளைவில் மறைந்தது. சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டு நின்றோம்.

"எவ்வளவு நாளைக்குத் தாங்கும்?" என்றேன்.

"பாப்போம் பாய்," என்றான் ராஜமுருகன். சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பத்து நிமிடத்தில் அவள் திரும்பி வந்தாள். அதே இடம். முதலில் ஹேண்ட் பிரேக், பிறகு 'பி'. நான் கல் வைத்துவிட்டு மறுபக்கக் கதவைத் திறந்து, கேட்காமலே உள்ளே உட்கார்ந்தேன். கண்ணாடியில் மறுபடி மழைத்துளி விழ ஆரம்பித்திருந்தது. இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய ஆள்காட்டி விரல். அந்தக் கையை நான் ஒரு வாரமாகப் பார்த்தேன், அதில் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை.

"நாளைக்கே மதுரைக்குப் போயி டாக்டரப் பாப்போம்," என்றேன். "ஒன்னும் இருக்காது. இருந்தாலும் பாத்துட்டு வந்துருவோம். நீ பயந்துக்கிட்டு இருக்க வேணாம்."

"ம்."

"பஸ்ல போவோம். இல்ல, நீயே ஓட்டு. நான் பக்கத்துல வாயத் தொறக்காம வர்றேன்."

 மழை கொஞ்சம் வலுத்தது. கேட்கக் கூடாது, கேட்டால் இருபத்தாறு வருடமாகக் கேட்ட அதே பதில்தான் வரும் என்று தெரிந்தும் கேட்டேன்.

"அமீரு. கோவமா?"

அவள் வாய் வழக்கம்போல 'அதெல்லாம்' என்று ஆரம்பிக்கப் போனது. நான் பார்த்தேன். பாதியில் நிறுத்தினாள். முதல் தடவையாக முன்கண்ணாடியை விட்டுத் திரும்பி, என்னை நேராகப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றாள். "கோவம்தான். ரொம்பக் கோவம். நாளைக்கும் இருக்கும்."